சிறுநீர் பெருக்கி ஊசிக்குப் பின் எழாத பசு: அட்ரினெர்ஜிக் ஏற்பிகளின் கோணத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடலை நோக்கிப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறியிருந்த மாசி மாதத்தில், காம்புத் தையல் முடிந்து மூன்று மணி நேரமாகியும் பசு எழவில்லை என்று என்னை அழைத்தார்கள். ஏறத்தாழ 350 கிலோ எடையுள்ள, மூன்றாம் ஈற்று ஜெர்சி கலப்பினப் பசு அது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தாலும், படுத்துவிட்ட மாட்டை வண்டியில் ஏற்றி அவ்வளவு தூரம் கொண்டுபோவது நடைமுறையில் கைகூடாத காரியம். எனவே எல்லாவற்றையும் கொட்டகையிலேயே பார்க்க வேண்டியிருந்தது.

முன்வரலாறு

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே மடி வீங்கத் தொடங்கி, வீக்கம் தொப்புள் வரை பரவியிருக்கிறது. கன்று ஈன்ற நாளன்று, ஊரில் ஊசி போடும் ஒருவர் சிறுநீர் பெருக்கியான ஃபுரோசமைடு 500 மி.கி. போட்டுவிட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அதே அளவைத் தொடர்ந்திருக்கிறார். முதல் இரண்டு நாள் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டிராய்டும் சேர்ந்து போயிருக்கிறது. மாடுகளின் மடி வீக்கத்துக்கு இந்த மருந்தை அனுமதிக்கும் அமெரிக்க மருந்துக் குறிப்பு, நாளொன்றுக்கு 500 மி.கி. ஒரு வேளையாகவோ 250 மி.கி. இரு வேளையாகவோ தரலாம் என்றும், ஈன்ற 48 மணி நேரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தப் பசுவுக்கு ஐந்தாம் நாள் காலையிலும் ஊசி போடப்பட்டிருந்தது. நாளொன்றின் அளவில் தவறில்லை. நாட்களின் எண்ணிக்கைதான் வரம்பைத் தாண்டியது.

தீனியும் பார்க்கத்தக்கது. ஈன்ற மறுநாளிலிருந்து பசு தவிட்டையும் புண்ணாக்கையும் முகர்ந்துவிட்டு ஒதுங்கியிருக்கிறது. வைக்கோலை மட்டும் கொஞ்சம் கடித்திருக்கிறது. அதற்கு முன், சினையின் கடைசி மாதம் முழுவதும், கழுநீர்த் தொட்டியில் தினமும் ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுவது வீட்டு வழக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ கரையோர நாகைப் பகுதிக்கே உரிய உவர்ப்புத் தண்ணீர். ஈனும் தறுவாயில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதியாக உட்செல்வது மடி வீக்கத்தைக் கூட்டும் என்பது அறியப்பட்டதே. அதாவது, உப்பால் வளர்ந்த வீக்கத்தை, உப்பை வெளியேற்றும் மருந்தால் குறைக்க முயன்றிருக்கிறார்கள். இதே கொட்டகையில் கட்டியிருந்த உம்பளச்சேரி மாடு அதே தண்ணீரைக் குடித்தும் மடி வீங்கியதே இல்லையாம். கறவை குறைந்த நாட்டு மாட்டுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

ஐந்தாம் நாள், தொங்கிய மடி வேலி முள்கம்பியில் மாட்டி, பின்பக்கத்து இடது காம்பு நீளவாக்கில் கிழிந்து, கிழிசல் வழியே பால் வடிந்தது. தைக்க வந்த மருத்துவர், மில்லிலிட்டருக்கு 20 மி.கி. வலிமையுள்ள சைலசின் என்ற மயக்க மருந்தை 1.5 மி.லி. தசையில் செலுத்தி, காம்பின் அடியில் மரத்துப்போகச் செய்யும் வெறும் லிக்னோகைன் போட்டுத் தைத்திருக்கிறார். அட்ரினலின் கலந்த லிக்னோகைனை அவர் தவிர்த்தது சரியான முடிவு. ஏற்பி என்பது செல்லின் மேல் ஹார்மோனோ மருந்தோ வந்து ஒட்டும் புரதம்; அட்ரினலின் ஒட்டுபவை அட்ரினெர்ஜிக் ஏற்பிகள். காம்பு போன்ற முனை உறுப்பில் அவற்றில் ஒரு வகையான ஆல்பா ஏற்பி வழியாக இரத்தக் குழாய்கள் சுருங்கினால் தைத்த விளிம்பே அழுகிப்போகும். சைலசின் 30 மி.கி. என்பது கிலோவுக்கு 0.09 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. மாட்டுக்குத் தசைவழி வழக்கமாகச் சொல்லப்படும் 0.05 முதல் 0.1 மி.கி. வரையிலான எல்லைக்குள்தான் அது வருகிறது. வலிக்காக மெலாக்சிகாமும் போடப்பட்டிருந்தது. பசு பத்துப் பதினைந்து நிமிடத்தில் படுத்தது, அது எதிர்பார்த்ததே. பின் எழவில்லை. பால் சுரம் (ஈன்ற பின் இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) என்று எண்ணி ஒரு பாட்டில் கால்சியம் போரோகுளுகோனேட் நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள். தலையைக் கொஞ்சம் தூக்கியதோடு சரி.

கண்டவை

உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸ். காதுகளும் கால் நுனிகளும் சில்லிட்டிருந்தன. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 38. நல்ல நிலையிலுள்ள கறவை மாட்டில் அது 60 முதல் 80 வரை இருக்கும். பெருவயிறு அசைவற்று, இடப்பக்கம் லேசாக உப்பியிருந்தது. கழுத்து நரம்பை விரலால் அழுத்தினால் நிரம்ப நேரம் எடுத்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது, கண்குழி உள்வாங்கியிருந்தது. ஆனால் மடியின் முன்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, விரலை எடுத்த பின்னும் நெடுநேரம் தங்கியது. ஒரே உடலில் வறட்சியும் நீர்க்கோர்வையும் ஒருங்கே இருந்தன.

இதைவிட முக்கியமான தடயம் தரையில் இருந்தது. இவ்வளவு நீர் வற்றிய மாடு சிறுநீரை அடக்கிவைக்க வேண்டும். வந்தாலும் அடர்மஞ்சளாகக் கொஞ்சமாக வர வேண்டும். இந்தப் பசுவின் பின்புறம் விரித்திருந்த வைக்கோல் ஊறிப்போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிய நீராகச் சிறுநீர் மறுபடியும் வடிந்தது.

நரம்பு வழி நீர்மம் ஏற்ற ஊசிக் குழாயைப் பொருத்தும்போது, வீட்டுக்கார அம்மா கேட்ட கேள்வி நியாயமானது: "ஏன் டாக்டர், ஒடம்பெல்லாம் நீர் கோத்துக்கிட்டு நிக்குது, இதுல இன்னும் தண்ணியவா ஏத்துவாங்க?"

மடியில் தேங்கியிருப்பது குழாய்க்கு வெளியே, திசுக்களின் இடுக்கில் நிற்கும் நீர். இதயம் இறைப்பதற்குப் பயன்படாத நீர். ஃபுரோசமைடு நேரடியாக அதை எடுப்பதில்லை. இரத்தத்திலிருந்துதான் உப்பையும் நீரையும் எடுக்கும்; திசுநீர் அதன் பிறகு மெல்ல இரத்தத்துக்குத் திரும்ப வேண்டும். மடியிலிருந்து திரும்பும் வேகத்தைவிடச் சிறுநீரகம் வெளியேற்றும் வேகம் கூடினால், இரத்தம் வற்றும், மடி வீங்கியபடியே இருக்கும்.

அன்று எடுத்த இரத்த மாதிரியின் முடிவு மறுநாள் கிடைத்தது. பொட்டாசியம் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலண்ட். இயல்பில் நான்கையொட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டியது. ஒரு பாட்டில் ஏறிய பிறகும் கால்சியம் இயல்பின் கீழ் விளிம்பில்தான் நின்றது. குளுக்கோஸ் உயர்ந்திருந்தது.

ஏன் பால் சுரம் மட்டுமன்று

ஜெர்சி இரத்தம், மூன்றாம் ஈற்று, ஈன்ற முதல் வாரம் என்ற மூன்றையும் கேட்டவுடன் பால் சுரம் என்று நினைப்பது இயல்பு. இந்தப் பசுவில் அதன் பங்கும் இருந்தது. வைக்கோலிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் குடலிலேயே கட்டிவைக்கிறது. ஃபுரோசமைடு கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆனால் பால் சுரத்தில் இதயம் பலவீனமாக, வேகமாகத் துடிக்கும். இங்கே 38. நீர் வற்றிய மாட்டிலும் வேகம்தான் கூடும். இரண்டு காரணங்களும் துடிப்பை மேலே தள்ள வேண்டிய இடத்தில் அது கீழே கிடந்தது என்றால், மேலே தள்ளும் பாதையையே ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள். வெளிறிய சிறுநீர், உயர்ந்த குளுக்கோஸ், நின்றுபோன பெருவயிறு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஆல்பா-2 ஏற்பியைச் சுட்டின. அந்த ஏற்பியைத் தூண்டும் சைலசினுக்கு மாடு எவ்வளவு கூருணர்வு கொண்டது என்பதற்கு, குதிரைக்குத் தரும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்ற பழைய கணக்கே சான்று.

ஏற்பிகள் என்ன செய்துகொண்டிருந்தன

அட்ரினலின் ஒரே உடலில் ஓரிடத்தில் குழாயைச் சுருக்கி இன்னோரிடத்தில் விரிப்பது எப்படி என்ற கேள்விக்கு, 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் நாய், பூனை, முயல் போன்ற விலங்குகளின் திசுக்களில் அட்ரினலினும் அதை ஒத்தவையுமான ஆறு அமீன்களை ஒப்பிட்டு, ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இரு வகை என்று விடை சொன்னார். பின்னர் ஆல்பா-1, ஆல்பா-2 என்றும் பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-3 என்றும் அவை பிரிந்தன. இவ்வகை ஏற்பிகளின் அமைப்பையும் செயலையும் விளக்கியதற்காக ராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரையன் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

ஃபுரோசமைடு இந்த ஏற்பிகள் எதிலும் அமர்ந்து வேலை செய்யும் மருந்தன்று. சிறுநீரக நுண்குழலின் தடித்த ஏறுபகுதியில், ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு அயனிகளைச் சேர்த்து உள்ளிழுக்கும் கடத்தியை அது அடைக்கிறது. ஆனால் அந்த அடைப்பின் விளைவுகள் ஒவ்வொன்றாக ஏற்பிகளின் வாசலுக்கே வந்து சேர்கின்றன.

இரத்தத்தின் கன அளவு குறைந்தவுடன், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை அறிந்து, உடலை அவசரத்துக்கு ஆயத்தமாக்கும் பரிவு நரம்புகளை முடுக்குகின்றன. அந்த நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலின் குழாய்ச் சுவரின் ஆல்பா ஏற்பிகளில் பட்டு அவற்றைச் சுருக்குகிறது. இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளில் பட்டுத் துடிப்பைக் கூட்டுகிறது. சிறுநீரகத்தில், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் தொடரைத் தொடங்கிவைக்கும் ரெனினைச் சுரக்கும் செல்களிலுள்ள பீட்டா-1 ஏற்பிகளில் பட்டு ரெனினை வெளியிடுகிறது. ரெனினைப் பொறுத்தவரை ஃபுரோசமைடுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: உப்பின் அளவை உணரும் மாகுலா டென்சா செல்களிலும் அதே கடத்திதான் இருக்கிறது, அது அடைபட்டால், உப்பே வரவில்லை என்று எண்ணிச் சிறுநீரகம் நரம்பின் ஆணைக்குக் காத்திராமல் ரெனினைச் சுரக்கும். ஆக, ஐந்தாம் நாள் காலையில் அந்தப் பசு நின்றுகொண்டிருந்ததே இந்த ஏற்பிகளை முழுமூச்சாகப் பயன்படுத்தித்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடி கனத்து, மந்தமாக நிற்கும் மாடாக மட்டுமே அது தெரிந்திருக்கும்.

இடைவிடாத தூண்டுதலுக்கு இன்னொரு விலையும் உண்டு. பீட்டா ஏற்பியை விடாமல் தூண்டினால், செல்லுக்குள் உள்ள நொதிகள் அதில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி ஏற்பியைச் சமிக்ஞைத் தொடரிலிருந்து பிரித்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. அப்போது அதே அளவு அட்ரினலினுக்குக் கிடைக்கும் பதில் சிறுக்கிறது. ஐந்து நாள் வற்றல் இந்தப் பசுவில் அந்த அளவுக்குக் கொண்டுபோயிற்றா என்பதைக் கொட்டகையில் அளக்க வழியில்லை. நான் அதன் மேல் எதையும் கட்டவில்லை.

குழாய்ச் சுவரின் பக்கமும் ஒரு தளர்வு உண்டு. ஃபுரோசமைடு சிறுநீரைப் பெருக்கத் தொடங்கும் முன்பே, திசுக்களிலேயே உருவாகும் புராஸ்டகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள் வழியாகச் சிரைகளை விரிக்கிறது. மெலாக்சிகாம் போன்ற வலிநீக்கி அந்தப் புராஸ்டகிளாண்டின்களைத் தடுக்கும் என்பதால் குழாய்த் தளர்வு குறையலாம். ஆனால் நீர் வற்றிய சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்துக்கு அதே புராஸ்டகிளாண்டின்களைத்தான் நம்பியிருக்கிறது. எனவே அந்த ஊசியை மறுநாள் தொடர வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

இந்த நிலையில்தான் சைலசின் வந்தது. மூளைத்தண்டின் ஆல்பா-2 ஏற்பிகளைத் தூண்டி, பரிவு நரம்புகளின் வெளிப்போக்கையே அது அடக்குகிறது. நீர் வற்றாத மாட்டில் இது மயக்கமும் மெதுவான துடிப்புமாக நின்றுவிடும். தொடக்கத்தில் குழாய்களிலுள்ள ஆல்பா-2 ஏற்பிகள் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைத் தாங்கும். பின் அது தணியும். அழுத்தமே பரிவு நரம்பின் தயவில் நிற்கும் மாட்டிலோ, அந்தத் தணிவு சரிவாகிவிடுகிறது. அதோடு, சிறுநீர் அடக்கும் ஏடிஎச் ஹார்மோனின் சுரப்பையும் சிறுநீரகச் சேகரிப்புக் குழலில் அதன் செயலையும் ஆல்பா-2 தடுக்கிறது. கணையத்தில் இன்சுலினைத் தடுத்துக் குளுக்கோஸை உயர்த்துகிறது. சைலசினே ஒரு சிறுநீர் பெருக்கி என்பதைத் தையல் போடும் அவசரத்தில் யாரும் நினைப்பதில்லை. காலையில் ஃபுரோசமைடு, பகலில் சைலசின் என்று ஒரே நாளில் இரண்டு பெருக்கிகள் சேர்ந்ததைத்தான் அந்த ஊறிய வைக்கோல் காட்டியது.

பொட்டாசியம் தனிக் கதை. தீனி இல்லாமல் வரவு நின்றது. ஃபுரோசமைடாலும், ரெனினைத் தொடர்ந்து உயரும், உப்பைப் பிடித்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனாலும் செலவு கூடியது. டெக்சாமெத்தசோனுக்கு உப்பைப் பிடிக்கும் ஸ்டிராய்டு குணம் மிகக் குறைவு என்பதால் அதன் மேல் பழி போட மாட்டேன். ஆனால் பீட்டா-2 ஏற்பியை இங்கே மறக்கக் கூடாது: அட்ரினலின் அதைத் தூண்டும்போது, சோடியம்-பொட்டாசியம் பம்பு வேகம் பிடித்து, இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பொட்டாசியத்தையும் தசைக்குள் இழுத்துக்கொள்ளும். கருப்பையைத் தளர்த்த நம் பக்கத்தில் தாராளமாகப் பயன்படும் ஐசோக்சுப்ரினும் பீட்டா ஏற்பியைத் தூண்டும் மருந்தே. ஃபுரோசமைடில் இருக்கும் மாட்டுக்கு அதைப் போடும் முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

ஏற்பியையே தொடும் ஒரு பெருக்கி

இந்தப் பசுவுக்குத் தொடர்பில்லாதது என்றாலும், சிறுநீர் பெருக்கிகளில் ஏற்பியின் மேலேயே கை வைக்கும் ஒன்று இருக்கிறது. சிறுநீரகச் சேகரிப்புக் குழலின் சோடியம் வாயிலை அடைக்கும் அமிலோரைடு, ஆய்வகத்தில் விலங்குத் திசுச் சவ்வுகளின் ஆல்பா-2 ஏற்பியோடு சேர்த்து வைக்கப்பட்டபோது, ஏற்கெனவே ஒட்டி ஏற்பியை அடைத்திருந்த மருந்தை விரைவாகக் கழன்றுபோகச் செய்தது. ஒரே இருக்கைக்குப் போட்டியிடும் மருந்தால் இதைச் செய்ய முடியாது. அருகிலுள்ள வேறோர் இடத்தில் அமர்ந்து ஏற்பியின் வடிவத்தை மாற்றும் பொருளே செய்ய முடியும். அந்த வேறோர் இடம், சோடியம் அயனி வந்து அமரும் குழி. இக்குடும்பத்து ஏற்பிகள் பலவற்றின் நடுவே ஓர் அஸ்பார்டிக் அமிலத்தைச் சுற்றி இந்தக் குழி இருக்கிறது. சோடியம் அதில் அமர்ந்தால் தூண்டு மருந்தின் பிடி தளர்கிறது. உப்பை வெளியேற்றும் மருந்து, உப்பு அமரும் குழியிலேயே போய் அமர்வது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. ஆனால் இதற்கு வேண்டிய செறிவு, மருத்துவ அளவில் இரத்தத்தில் கிடைப்பதைவிட மிக அதிகம். கொட்டகையில் படுத்திருக்கும் மாட்டை விளக்க இதை இழுப்பது பொருந்தாது. சவ்வின் மேல் நடப்பதும் முழு உடலில் நடப்பதும் வேறுவேறு கேள்விகள். சிறுநீர் பெருக்கி ஏற்பியில் ஒட்டுகிறதா என்பதைவிட, அது போன பிறகு உடல் எந்த ஏற்பியை நம்பி நிற்கிறது என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.

சிகிச்சை

முதல் வேலை, பசுவை நெஞ்சின் மேல் நிமிர்த்தி இருபுறமும் வைக்கோல் கட்டுகளை முட்டுக்கொடுத்தது. சாய்ந்து கிடந்தால் பெருவயிற்றின் வாயு ஏப்பமாக வெளியேறாது. உப்புசம் நுரையீரலை அழுத்தும்.

ஆல்பா-2 ஏற்பியைத் தடுத்துச் சைலசினை முறிக்கும் யோஹிம்பின் கையில் இருந்தும் உடனே போடவில்லை. ஆல்பா-2 தடை நீங்கினால் மூளையிலிருந்து பரிவு நரம்பின் கட்டளை திரும்பும் என்பது உண்மை. ஆனால் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் ஆல்பா-2 பிடியும் அதே நேரத்தில் விடும். நிரப்புவதற்கு இரத்தம் இல்லாத குழாய் விரிந்தால் அழுத்தம் மேலும் விழும். எனவே நான்கு லிட்டர் சாதாரண உப்புக் கரைசல் வேகமாக ஏறிய பின், கிலோவுக்கு 0.125 மி.கி. கணக்கில் யோஹிம்பினை மிக மெதுவாக நரம்பில் செலுத்தினேன். மாட்டில் யோஹிம்பின் எப்போதும் நம்பகமாக வேலை செய்வதில்லை, டோலசோலின்தான் மேல். ஆனால் அது ஆல்பா-1 ஏற்பியையும் தடுக்கும் என்பதால், இந்தப் பசுவுக்கு அது கிடைத்திருந்தாலும் தயங்கியிருப்பேன். துடிப்பைக் கூட்ட அட்ரோபின் போடலாமே என்று உடனிருந்தவர் கேட்டார். நின்றுபோன பெருவயிற்றை அது இன்னும் நிறுத்திவைக்கும் என்பதால் தவிர்த்தோம்.

படுத்த மாட்டுக்கெல்லாம் கை தானாகத் தேடிப் போகும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலையும் ஒதுக்கிவைத்தோம். குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரந்து, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். சிறுநீரில் வழியும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துப் போகும்.

துடிப்பு 38இலிருந்து அரை மணி நேரத்தில் 56க்கு வந்தது. காது மடல் கதகதத்தது. ஒரு முறை ஏப்பம் விட்டது. விழுங்கும் அனிச்சை திரும்பியதை உறுதி செய்த பிறகே வயிற்றுக் குழாய் போட்டு, நல்ல தண்ணீர் இருபது லிட்டரில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து உள்ளே விட்டோம். இரத்த முடிவுக்குக் காத்திராமல் பொட்டாசியம் கொடுக்க, பல நாள் தீனி எடுக்காததும் ஃபுரோசமைடும் துவண்ட கழுத்தும் போதுமான காரணங்கள். வாய்வழி கொடுத்ததற்கும் காரணம் உண்டு: நரம்பு வழியில் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி ஈக்விவலண்டைத் தாண்டினால் இதயம் நிற்கலாம். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கொட்டகையில் இல்லை. கால்சியம் இன்னொரு பாட்டிலைத் தோலுக்கடியில் பிரித்துப் போட்டோம்.

மாலையில் பசு முன்காலை ஊன்றி எழ முயன்று விழுந்தது. இரவு பத்து மணிக்கு நான்கு பேர் தாங்க எழுந்து நின்று, நடுக்கத்தோடு சிறுநீர் விட்டது, நிறம் மஞ்சளாகியிருந்தது. பொட்டாசியம் குளோரைடை மூன்று நாள், இரு வேளையும் 100 கிராம் வீதம் தொடர்ந்தோம். மூன்றாம் நாள் பொட்டாசியம் 3.8 ஆனது, தவிட்டை நக்கத் தொடங்கியது.

மடி வீக்கத்துக்கு ஃபுரோசமைடை மறுபடி தொடவில்லை. அடிக்கடி கறத்தல், காம்புத் தையலை விட்டுவிட்டு மடியைக் கீழிருந்து மேலாக நீவுதல், மடிக்குத் துணித் தாங்கல், காலை மாலை கொஞ்ச தூரம் நடத்துதல் என்ற பழைய வழிகளில் பத்து நாட்களுக்குள் வற்றியது. தைத்த காம்பில் ஒரு தையல் பிரிந்து சிறு கசிவு நின்றுவிட்டது. அதை வற்றுக் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

கடைசி ஃபுரோசமைடு ஊசிக்குப் பின் 48 மணி நேரப் பாலை மனிதர் குடிக்கக் கூடாது என்பது அந்த மருந்துக் குறிப்பின் இன்னொரு விதி. இங்கே மற்ற ஊசிகளும் சேர்ந்திருந்ததால், அவற்றுக்கான கெடுவும் முடியும் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் கீழே விடச் சொன்னேன். அடுத்த சினையின் கடைசி மாதத்தில் கழுநீர்த் தொட்டிக்கு உப்பு வேண்டாம் என்பதையும், குடிநீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்காமல் குளத்திலிருந்து எடுக்கலாம் என்பதையும், மாட்டின் சினை ஊசி அட்டையின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே அட்டையில் "ஃபுரோசமைடு போட்ட வாரத்தில் சைலசின் வேண்டாம், வேறு வழியில்லையென்றால் முதலில் நீர்மம் ஏற்றி, அளவைப் பாதியாக்குக" என்றும் ஒரு வரி இருக்கிறது, அது அடுத்து ஊசியோடு வருபவர் படிப்பதற்கு.